கடைக்கண்ணுக்கு மட்டும்

மார்ச் கடைசி வாரம், விடியற்காலை நாலு மணி. ஜவ்வாது மலையில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி. காவலூர் வானியல் ஆய்வகம் இருப்பதும் இதே மலையில்தான். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி, என்னிடம் எட்டு அங்குல டாப்சோனியன், எளிய தாங்கியில் உட்காரும் கண்ணாடித் தொலைநோக்கி.

வடகிழக்கில் சிக்னஸ் என்ற அன்ன நட்சத்திரக் கூட்டம் ஏறியிருந்தது. 16 சிக்னி என்ற இரட்டை நட்சத்திரத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு மஞ்சள் புள்ளிகள். அங்கிருந்து கிழக்கே அரை டிகிரி, அதாவது ஒரு நிலா அகலம் நகர்ந்தால் என்ஜிசி 6826. வில்லியம் ஹெர்ஷல் 1793-இல் கண்டுபிடித்த கோள் நெபுலா. கோளுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சாகும் நட்சத்திரம் உதறிவிட்ட வாயு இது. தொலைநோக்கியில் யுரேனஸ் மாதிரி சின்ன வட்டமாகத் தெரிவதால் ஹெர்ஷல் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்.

கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸில் 10 மி.மீ. ஒன்றை மாட்டி அக்கா மகனைக் கூப்பிட்டேன்.

"வெறும் நட்சத்திரம்தான் தெரியுது, மாமா."

"நேரா பார்க்காதே. கொஞ்சம் வலது பக்கம் பார். கவனம் மட்டும் அது மேலயே இருக்கட்டும்."

நாலைந்து விநாடி சத்தமே இல்லை. "ஐயோ, சுத்தி புகை மாதிரி வந்துடுச்சு!" சட்டென்று நேரே பார்த்திருப்பான். "போயிடுச்சே!"

அதுதான் இதன் குறும்பு. விழித்திரையின் நடுவில் இருப்பவை பகல் வெளிச்சத்துக்கான கூம்புச் செல்கள். மங்கலைப் பிடிக்கும் கோல் செல்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. நேரே பார்த்தால் நடு நட்சத்திரம் மட்டும், கடைக்கண்ணால் பார்த்தால் சாம்பல் பச்சையில் ஒரு குட்டி வட்டம். போட்டோவில் இரண்டுமே சேர்ந்து உட்கார்ந்திருக்கும், இந்தக் கண்ணாமூச்சி வராது. நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரும் போடமாட்டேன். அது நட்சத்திரத்தை மங்கவைத்து விளையாட்டையே கெடுத்துவிடும்.

பையன் உற்சாகத்தில் மணி பார்க்க மொபைலை எடுத்தான். முழு வெளிச்சம், இரண்டு பேர் முகத்திலும். இருட்டுக்குப் பழகிய கண் போச்சு, மறுபடி இருபது நிமிடம். திட்டலாம் என்று வாயெடுத்தேன். என் முதல் வருடத்தில் நானும் டார்ச் அடித்தவன்தான், சரி என்று விட்டுவிட்டேன்.

ஐந்து மணிக்குக் கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. டப்பாவை மூடலாம் என்றால் அவன் ஐபீஸை விடவில்லை. வலது, நேரே, வலது, நேரே.