கொரோலியோவை நான் உதாரணம் காட்டியது

ஆய்வுக் கட்டுரையின் முகப்பிலிருந்து அந்த இளம் பொறியாளரின் பெயரை நீக்கும் படிவத்தில், பிரிவுத் தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டவன் நான். சில வகை வேலைகளைச் செய்தவர்களின் பெயர் வெளியே செல்லும் தாளில் இருக்கக் கூடாது என்பது விதி. அதில் எனக்கு அன்றும் தயக்கமில்லை, இன்றும் இல்லை. என்னை உறுத்திக்கொண்டே இருப்பது, அவரைத் தேற்றுவதற்காக நான் சொன்ன உதாரணமும் அதற்கு அவர் கேட்ட ஒரு கேள்வியும்தான்.

திரவ நைட்ரஜனில் குளிர வைத்த வால்வில் ஹீலியத்தைச் செலுத்தி, கசிவுக் குழாயின் முனையில் வரும் குமிழிகளை இரவு முழுக்கக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். அடைப்பு வளையம் எந்தக் குளிரில் சுருங்கி வழிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஆகவே அவருடைய ஏமாற்றம் நியாயமானது. “சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவ் உயிரோடு இருந்தவரை அவர் பெயரை உலகம் அறியவில்லை, அதற்காக அவர் வேலையை விட்டுவிட்டாரா?” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அவரிடம் கேட்டுவிட்டா மறைத்தார்கள், சார்?” என்றார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பாதுகாப்பைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுத் தம் மேசைக்குத் திரும்பினார்.

நான் சொன்னது பொய்யில்லை. 1957 ஆகஸ்ட்டில் வெற்றிகரமாகப் பறந்த ஆர்-7 முதலில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை; பிறகுதான் அது அக்டோபர் 4 அன்று 83.6 கிலோ எடையுள்ள முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைச் சுமந்த ராக்கெட். அதை வடிவமைத்தவரை ஊரறியக் காட்டுவது, ஓர் ஆயுதத்தின் மூளை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்குச் சமம் என அந்த அரசு கருதியதில் ஒரு தர்க்கம் இருந்தது. பத்திரிகைகளில் அவர் ‘தலைமை வடிவமைப்பாளர்’ மட்டுமே. உள்ளே இருந்தவர்கள் அவரை, செர்கேய் பாவ்லோவிச் என்பதன் சுருக்கமாக, எஸ்.பி. என்று அழைத்தார்கள், யார் முடிவெடுக்கிறார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எங்கள் கூடத்திலும் அந்த வளையத்தைச் சரிசெய்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அது போதாதா என்று பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன்.

ஆனால் அந்த இளைஞரின் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டால் என் வாதம் நிற்பதில்லை. 1938 ஜூனில் கைது செய்யப்பட்டு, அடித்து வாக்குமூலம் வாங்கப்பட்டு, சைபீரியாவின் கோலிமா பகுதியிலுள்ள தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர் கொரோலியோவ். பிறகு விமான வடிவமைப்பாளர் துப்பலேவின் தலைமையில் இயங்கிய சிறை வடிவமைப்பகத்திலும் கசானிலும் கைதியாகவே பொறியியல் வேலை செய்தார். 1944இல் விடுதலை கிடைத்தது. அவர் குற்றமற்றவர் என்று முழுமையாக அறிவிக்கப்பட்டதோ ஸ்புட்னிக் பறந்த அதே 1957இல்தான். அப்படிப்பட்ட ஒருவரிடம் அந்த அரசு “உங்கள் பெயரை மறைக்கலாமா?” என்று கேட்டிருந்தாலும், அவர் சொல்லியிருக்கக்கூடிய சம்மதத்துக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

பெயர் தேவையில்லை என்று அவர் இருந்துவிடவும் இல்லை. ‘பேராசிரியர் க. செர்கேயெவ்’ என்று தம் பெயரையே திருப்பிப் போட்டுக் கட்சி நாளிதழான பிராவ்தாவில் விண்வெளிப் பயணம் பற்றி எழுதினார். அதே காலத்தில் வெளிநாட்டு மாநாடுகளுக்குச் சென்ற கல்விக்கழக உறுப்பினர் லியோனித் செதோவை ஸ்புட்னிக்கின் தந்தை என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் எழுதின. நான் இதையெல்லாம் படித்தவன். அந்த இளைஞரிடம் சொல்லும்போது மட்டும், எனக்குத் தேவையான ஒரு வரியை எடுத்துக்கொண்டேன். தேற்ற வருபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதனால் உறுத்தல் குறையவில்லை.

திரை எதை மறைக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 1960 அக்டோபர் 24 அன்று பைக்கனூரில், இன்னொரு வடிவமைப்பாளரான யாங்கெலின் ஆர்-16 ஏவுகணை ஏவுதளத்திலேயே வெடித்துப் பலர் எரிந்து இறந்தார்கள். அதில் இறந்த ஏவுகணைப் படைத் தலைவர் மார்ஷல் நெதேலின் விமான விபத்தில் மாண்டதாக அறிவித்தார்கள். மற்றவர்களைப் பற்றிப் பல ஆண்டுகள் பேச்சே இல்லை. படைத்தவனின் பெயரை மறைத்த அதே விதி இறந்தவர்களின் பெயரையும் மறைத்தது. எங்கள் படிவத்தை அதனோடு ஒப்பிடுவது மிகை என்பதை அறிவேன். எங்கள் இளைஞர் விருப்பத்தோடு வேலைக்கு வந்தவர், விரும்பினால் விலகிச் செல்லக்கூடியவர். அப்படியானால் கொரோலியோவை உதாரணமாக இழுத்தது மட்டும் எப்படி மிகையில்லாமல் போகும்?

1966 ஜனவரி 14 அன்று அறுவை சிகிச்சையின்போது கொரோலியோவ் இறந்தார். அடுத்த சில நாட்களுக்குள் பிராவ்தாவில் அவருடைய படமும் பெயரும் வந்தன. சாம்பல் கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது. இந்தப் பகுதியைத்தான் அன்று நம்பிக்கையூட்டும் முடிவாக அந்த இளைஞரிடம் சொல்ல வைத்திருந்தேன். அவருடைய கேள்வி முந்திக்கொண்டதால் சொல்லவில்லை. சொல்லாமல் போனது நல்லதுதான். ஏனெனில் கொரோலியோவின் இடத்துக்கு வந்த வசீலி மிஷினின் பெயரும், அவர் அந்தப் பதவியில் இருந்த காலம் முழுவதும் மறைத்தே வைக்கப்பட்டது. இறந்தவருக்கு மட்டும் தளர்த்தப்பட்ட விதி, மறுநாள் வேலைக்கு வந்தவர்களுக்கு அப்படியே இருந்தது. அதே படிவம் மறுபடி வந்தால் நான் கையெழுத்திடத்தான் செய்வேன். ஆனால் அந்த இளைஞரை உட்காரவைத்து, கொரோலியோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், இது விதி, இதில் உங்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்று மட்டும் சொல்வேன் என நினைக்கிறேன்.