பதினோரு பம்பரம், தேறியது இரண்டு

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொள்ளாச்சிப் பக்கம் நண்பரின் தென்னந்தோப்புத் தகரக் கொட்டகையில்தான் இருந்தேன். மரம் கடைகிற ஏழு பேர், மூணு லேத்து (கடைசல் இயந்திரம்), ஒரே ஒரு சாணைக்கல். சாணைக்குத்தான் எப்பவும் வரிசை.

எனக்கும் ஸ்க்யூ உளிக்கும் (விளிம்பு சாய்வாக இருக்கும் தட்டை உளி) எட்டு மாசமாகப் பகை. வழுவழுவென்று சீவிக்கொண்டே போகும், சுருள் சுருளாகப் பறக்கும், நானும் மிதப்பில் இருப்பேன். திடீரென்று ‘டக்’. உளி கடித்துவிடும், கட்டை மேல் திருகாணி மாதிரி ஒரு கோடு விழும். உளியின் சாணை பிடித்த சரிவு கட்டையை ஒட்டித்தான் போகிறது, விளிம்பின் கீழ்ப்பாதியில்தான் வெட்டுகிறேன், மேலே இருக்கும் நீள முனை கட்டையைத் தொடவே இல்லை. கோணத்தை மாற்றினேன், வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். இந்த முறை நன்றாகக் காய்ந்த கொய்யாக் கிளையாகப் பார்த்து எடுத்துப் போயிருந்தேன், பம்பரம் போட. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எட்டு கட்டை பாழ்.

கொட்டகைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். முப்பது வருசம் கட்டில் கால் கடைந்தவர். நான் கடைவதை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பாழாய்ப் போன எட்டையும் பெஞ்சில் வரிசையாக நிறுத்தினார். எல்லாவற்றிலும் கோடு ஒரே உயரத்தில் இருந்தது! ஒவ்வொன்றையும் ஒரே மாதிரித்தான் சக்கில் (கட்டையைக் கவ்வும் பிடிப்பு) மாட்டியிருந்தேன், அதனால் கடித்ததும் ஒரே இடத்தில்தான்.

"கண்ணு, கையில கோளாறுன்னா அங்கங்க கடிக்கும். இது ஒரே எடத்துல கடிக்குது பாரு" என்றவர், உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் நகம் நின்றது. என்னையும் ஓட்டச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பள்ளம்.

அது நானே போட்ட பள்ளம்தான். ஆன்லைனில் வாங்கிய அந்த உளியின் தண்டு ஓரம் கத்தி மாதிரி நாலு மூலையும் கூராக வந்தது. உளி ஹெச்.எஸ்.எஸ். என்கிற கெட்டி எஃகு, ரெஸ்ட்டோ மெத்தென்ற இரும்பு. முன்பு ஏதோ ஒரு கடியில் அந்த மூலை ரெஸ்ட்டில் குத்தியிருக்கிறது. அதன் பிறகு நகர்ந்து வரும் உளி அங்கே வந்ததும் ஒரு கணம் தடங்கும், கை தள்ளும், தடங்கல் விட்டதும் உளி துள்ளி நீள முனை கட்டையில் இறங்கும். எட்டு மாசமாக என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

தட்டை அரத்தை ரெஸ்ட்டின் நீளவாக்கில் பிடித்து, பள்ளம் மறையும்வரை ராவினேன். அப்புறம் 220 உப்புத்தாள், கடைசியில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தேன். உளித் தண்டின் கீழ் மூலைகளையும் சாணையில் மழுக்கியாச்சு. ஞாயிறு காலை போட்ட மூணும் ஒரு கடி இல்லாமல் வந்தன. உப்புத்தாளே தேவைப்படவில்லை, கொய்யா அப்படியே பளபளத்தது. இதைப் படிக்கிறவர்கள் எழுந்து போய் ஒரு தடவை ரெஸ்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

மூணில் ஒன்று ஆணி அடிக்கும்போது பிளந்தது. நாலு மி.மீ. ஆணிக்கு இரண்டரையில் துளை போட்டால் வேறென்ன ஆகும்? இப்போது மூன்றரை.

பக்கத்து லேத்தில் ஒருத்தர் பச்சை மாங்கட்டையில் பத்து அங்குலக் கிண்ணம் கடைந்தார். மரத்தின் நட்டநடுச் சோறு கிண்ணத்தின் அடியிலேயே இருந்தது. வெடிக்கும் என்று சொன்னோம், கேட்கவில்லை. சுவரை ஒரு அங்குலத்துக்கு விட்டது சரிதான், ஆனால் ஞாயிறு காலை பார்த்தால் அடியில் நட்சத்திர வெடிப்பு. இப்போது அது சாவி போட்டுவைக்கும் கிண்ணம்.

கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ரெஸ்ட்டுக்கு உருண்டைக் கம்பி தேட வேண்டும். உருண்டை மேல் உளி லேசாக உருளும் என்கிறார்கள்.

மிச்சம் இரண்டு பம்பரத்துக்கும் கர்நாடகத்துச் சன்னபட்டணா மரப்பொம்மை மாதிரி அரக்கு ஏற்ற ஆசை. சுற்றுகிற கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி ஒட்ட வேண்டும். எனக்கு வேகம் பத்தவில்லை, திட்டுத்திட்டாக அப்பிக்கொண்டது. அங்கே காய்ந்த தாழை மடலை வைத்து அழுத்தித்தான் பரப்புகிறார்கள். நான் பழைய ஜீன்ஸ் துணியை வைத்தேன், நூல் நூலாக ஒட்டிக்கொண்டது. தாழை மடல் கொண்டுவருவதாக ஒருத்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதுவரை ஒரு பம்பரம் சிவப்புச் சொறியோடு மேசையில் கிடக்கிறது. இன்னொன்றைப் பையன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டான்.