மூன்றாவது கேள்வி

டிப்ளமோ சிவில் முடித்துப் பதினான்கு வருடம் கழித்து மறுபடி படிக்க உட்கார்ந்தேன். கோவையில் வீடு கட்டித் தரும் ஒரு நிறுவனத்தில் சைட் எஞ்சினியர் வேலை. அதை விடாமல் பி.எம்.பி. என்ற திட்ட மேலாளர் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாரானேன். சம்பள உயர்வுக்காக என்றுதான் ஆபீசில் நினைத்தார்கள். உண்மையான காரணம் ஒரு மாடிப்படி.

அந்த வீட்டுக்கு ஆவணியில் கிரகப்பிரவேசம். ஆடியில் யாரும் வைக்க மாட்டார்கள், புரட்டாசியிலும் பெரும்பாலும் இல்லை. ஆவணியை விட்டால் ஐப்பசி, அது மழைக்காலம். "முடிஞ்சிருமுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "முடிச்சிரலாமுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பிப் பத்திரிகை அடித்தார்கள். கடைசி இரண்டு வாரம் பெயின்டிங்குக்குப் பத்து ஆள் கூடுதலாகப் போட்டு ராத்திரியும் வேலை ஓட்டினேன். படிக்கட்டுக்கான கிரானைட் மட்டும் வரவில்லை. கிரானைட் பதித்த பிறகுதான் துளை போட்டுக் கைப்பிடியை நிறுத்த முடியும். விசேஷத்தன்று கைப்பிடி இல்லாத படியில் கயிறு கட்டி வைத்திருந்தோம். வீட்டுக்காரரின் அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். மகன் கட்டிய மாடியைப் பார்க்காமலேயே கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை, பந்தியில் உட்காரச் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டம் இல்லாமல் டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர்கள் நான் எழுதியபோது பி.எம்.பி.க்கு 60 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவம் காட்ட வேண்டியிருந்தது. அது என்னிடம் இருந்தது. அதோடு 35 மணி நேரம் வகுப்பு. ஏழு ஞாயிற்றுக்கிழமை, தினம் ஐந்து மணி நேரம் என்று ஆன்லைனில் முடித்தேன். மற்ற நாட்களில் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை படிப்பு. பத்தாம் வகுப்பு மகள் அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பாள். அந்த ஏழு ஞாயிறும் உறவுக்காரர் கல்யாணம் முதல் கேஸ் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் மனைவி தனியாகப் பார்த்துக்கொண்டார்.

பள்ளியில் நான் தமிழ் மீடியம். புத்தகத்தின் ஆங்கிலம் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதனால் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் என் வார்த்தையில் எழுதினேன். ஒன்று தள்ளிப்போனால் மொத்த வேலையும் தள்ளிப்போகும் வரிசைக்கு, அதாவது கிரிட்டிகல் பாத்துக்கு, 'விடாத சங்கிலி'. முடிவுத் தேதியைத் தள்ளாமல் ஒரு வேலை தாமதிக்கக்கூடிய நாளுக்கு, அதாவது ஃப்ளோட்டுக்கு, 'கையில் இருக்கும் நாள்'. எழுதி முடித்த அன்றே அந்த ஆவணி வீட்டின் வேலைகளை ஒரு சார்ட் பேப்பரில் வரிசையாகப் போட்டு, எது முடிந்தால் எது தொடங்கும் என்று கோடு இழுத்துப் பார்த்தேன். பெயின்டிங்குக்குக் கையில் ஒன்பது நாள் இருந்திருக்கிறது. கிரானைட்டுக்கு ஒரு நாள்கூட இல்லை. அவசரமே இல்லாத வேலையில் பத்து ஆளைக் கொட்டிவிட்டு, ஒரு மாதம் முன்பே கொடுத்திருக்க வேண்டிய கிரானைட் ஆர்டரைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கற்றது, காத்திருப்பதையும் ஒரு வேலையாகக் கணக்கில் எழுத வேண்டும் என்பது. கூரைக் கான்கிரீட்டுக்குக் அடியில் கொடுத்த முட்டுகளை எப்போது பிரிக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது: தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். சிமென்ட்டின் வகையையும் குளிரையும் பொறுத்து இது கூடும். எத்தனை ஆள் போட்டாலும் இந்த நாள் குறையாது. டிப்ளமோவிலேயே படித்ததுதான். ஆனால் என் ஷெட்யூலில் 'கான்கிரீட்' என்று ஒரு வரி இருக்கும், அடுத்த வரி பூச்சு வேலை. நடுவில் உள்ள நாட்களுக்கு வரியே கிடையாது.

என்னை அதிகம் மாற்றியது மூன்று புள்ளி மதிப்பீடு. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் என்ற திட்டமிடும் முறையிலிருந்து வந்தது. ஒரு வேலைக்கு மூன்று நாள் கேட்க வேண்டும்: எல்லாம் கூடி வந்தால் எத்தனை, வழக்கமாக எத்தனை, எல்லாம் கெட்டால் எத்தனை. வழக்கமானதை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்.

மறுநாள் சைட்டில், கான்கிரீட் ஊற்றப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரியிடம் கேட்டேன். இருபத்தைந்து வருடமாக இந்த வேலையில் இருப்பவர். முதல் மாடிக்கு நாலு நாள் என்று எப்போதும்போல் சொன்னார். "சரிங்கண்ணே, வழக்கமா?" என்றேன். "ஆறு." "எல்லாம் கெட்டுப்போனா?" கொஞ்சம் யோசித்தார். "பதினாலு ஆகுமுங்க." ஏன் என்று கேட்டேன். பலகை இன்னொரு சைட்டிலிருந்து பிரிந்து வந்தால்தான் உண்டு, ஆள் இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள், ஊரில் கல்யாணம் என்று கிளம்பிவிடுவார்கள், மழை வந்தால் முட்டு நிற்கும் மண் இளகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இதையெல்லாம் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எந்த நாளைக் கேக்க ஆசைப்படறீங்களோ அதைத்தானுங்க சொல்லிப் பழகிட்டோம். மூணாவதா ஒண்ணு யாருங்க கேட்டாங்க?"

நாலு, ஆறு, பதினாலு. கணக்குப்படி ஏழு. அன்றைக்கு அவர் சொன்ன காரணங்களை அப்படியே எழுதினேன். வகுப்பில் அதற்கு ரிஸ்க் ரெஜிஸ்டர் என்று பெயர்.

நான் எழுதியபோது தேர்வு 230 நிமிடத்தில் 180 கேள்வி. சூத்திரம் போட்டுக் கணக்குப் பார்ப்பது கொஞ்சம்தான். பெரும்பாலும் ஒரு சிக்கலைச் சொல்லி, திட்ட மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். மாதிரித் தேர்வுகளில் நான் தப்பு விட்டதெல்லாம் இங்கேதான். சிக்கல் என்றதும் முதலாளிக்குப் போன் போடுவது, இல்லையென்றால் ஆளை மாற்றுவது, இதுதான் என் கை பழகிய பதில். சம்பந்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து என்ன நடந்தது என்று முதலில் தெரிந்துகொள்வதே பெரும்பாலும் சரியான விடை. இது தேர்வுக்கான தந்திரம் என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிரானைட் ஏன் வரவில்லை என்று கடைக்காரரிடம் நேரில் போய்க் கேட்டிருந்தால், குவாரியில் அந்த நிறம் தீர்ந்துவிட்டதை மூன்று வாரம் முன்பே அறிந்திருப்பேன்.

தேர்வில் தேறிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரர் கார்த்திகையில் கிரகப்பிரவேசம் வைக்க விரும்பினார். மூன்று தேதி எழுதிக் காட்டினேன். மூன்றாவது தேதி மார்கழியில் விழுந்தது. முகம் சுருங்கியது அவருக்கு. வேறு எஞ்சினியர் கார்த்திகையில் முடியும் என்கிறாரே என்றார். இருக்கலாமுங்க, ஆனால் படிக்கட்டுக் கல் வந்து இறங்கிய பிறகு நாள் குறிக்கலாம் என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று போன் செய்தார்.

மாடிப்படிக்குக் கைப்பிடி பொருத்திய அன்று சாயங்காலம்தான் அவர்கள் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார்கள்.