மூலத்துக்கு ஒத்த மொழிபெயர்ப்பு

கொழும்பில், புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்துத் தெருவொன்றில் இரண்டு மேசைகளும் ஒரு மின்விசிறியும் கொண்ட அறையில், ஒரு மூத்தவரிடம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது, கருத்துச் சுதந்திரம் பத்திரிகைக்காரருக்கும் அரசியல்வாதிகளுக்கும் உரிய விடயம் என்றே எண்ணியிருந்தேன். எங்களிடம் வந்தவை பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதிகளும் சத்தியக்கடதாசிகளும்தாம். அந்த எண்ணத்தை மாற்றியது மத்தியஸ்த சபைக்குப் போகவிருந்த ஒரு முறைப்பாட்டுக் கடிதம். (ஆட்களை அடையாளம் காட்டக்கூடியவற்றைத் தவிர்த்தே எழுதுகிறேன்.)

தொடர்மாடியொன்றில் வசித்த சிங்களவர் ஒருவர், எதிர்வீட்டுத் தமிழ் மூதாட்டி நவம்பர் மாத இறுதியில் வாசலில் விளக்குகள் ஏற்றியதை விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் என்று கருதி முறையிட்டிருந்தார். அந்த அம்மா ஏற்றியது கார்த்திகை விளக்கீட்டுக்கு. சில ஆண்டுகளில் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் வந்துவிடும். கடிதத்தின் கடைசி வரி, இந்த நாட்டில் இருக்க விருப்பமில்லாவிட்டால் வேறு எங்காவது போகலாம் என்றிருந்தது. அந்த வயதான பெண் இதை வாசிக்க வேண்டுமே என்ற இரக்கத்தில், 'வேறு குடியிருப்புக்கு மாறலாம்' என்று நான் தமிழில் எழுதிவிட்டேன்.

மூத்தவர் மூலத்தையும் என் பிரதியையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, சிவப்புப் பேனையை மூடினார். "தம்பி, அந்த மனுசன்ர கோவத்தை நீர் குறைக்கவும் ஏலாது, கூட்டவும் ஏலாது. அவர் சொன்னது அவவுக்குத் தெரியாட்டி, அவ எதுக்குப் பதில் சொல்லுறது?"

எனக்கு அப்போது அது தொழில் ஒழுக்கமாக மட்டுமே பட்டது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீடு உள்ளிட்ட கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் அளிக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், ஒரு மொழியில் சுதந்திரமாகச் சொல்லப்பட்டது மறு மொழியில் உருமாறிப் போய்ச் சேருமானால் சொன்னவரின் உரிமை பாதியிலேயே நின்றுவிடுகிறது என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது. சகிப்புத்தன்மை என்று நாம் பெரிதாகப் பேசுவதும், மற்றவர் உண்மையில் என்ன சொன்னார் என்று தெரிந்த பிறகே தொடங்கக்கூடியது. தெரியாததைச் சகிப்பதில் யாருக்கும் சிரமமில்லை.

சொல் உருமாறுவதன் விலையை இந்த நாடு அறியும். அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், தமிழில் எழுதிய கவிதைத் தொகுப்பின் காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தை ஊக்குவிப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அந்தத் தொகுப்பில் வன்முறையையே கண்டிக்கும் கவிதைகள் இருந்தன. அவருக்குப் பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். கவிதையை எந்த மொழிபெயர்ப்பாளன் கையில் கொடுப்பது என்பது எங்கள் அறையில் பல நாட்கள் பேசப்பட்டது. மொழி மட்டும்தான் சிக்கல் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை: சிங்களத்தில் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின், வெறுப்புப் பேச்சைத் தடைசெய்யும் பிரிவின் கீழ் 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்கள் மறியலில் இருந்தார். அவருடைய கதையை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் சில சொற்கள் எல்லை கடக்கும்போது மட்டுமே ஆபத்தானவையாகின்றன. 'ஈழம்' என்றதும் பிரிவினை என்று எழுதிவிடும் பேனைகளைப் பார்த்திருக்கிறேன். அச்சொல் பட்டினப்பாலையில் இருக்கிறது, நம் தேசிய கீதத்தின் தமிழ் வடிவத்திலும் இருக்கிறது. 'போராட்டம்' என்ற சொல்லும் அப்படியே பல காலம் சந்தேகத்தோடு பெயர்க்கப்பட்டது. 2022இல் காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்கள் தங்கள் எழுச்சியை 'அரகலய' என்று அழைத்தபோது, அதே பொருளுடைய சொல்லுக்கு ஒரே மாதத்தில் மதிப்பு வந்துவிட்டது. அந்த ஆண்டு மே 18இல் அதே திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர்ந்து கஞ்சி பரிமாறப்பட்டதையும் கண்டோம்.

அந்தக் கடிதத்தை நான் திருத்தி எழுதினேன். அம்மா அதை எங்கள் அறையிலேயே இரண்டு முறை வாசித்துவிட்டுப் பேனை கேட்டார். விளக்கீட்டைப் பற்றி இரண்டு வரிகளோடு நிறுத்திக்கொண்டவர், கடைசி வரிக்கு ஒரு முழுப் பக்கம் பதில் எழுதினார்: 1983 ஜூலையில் எரிந்த வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு இறங்கியபோதும் இந்த நாட்டை விட்டுத் தான் போகவில்லை என்று தொடங்கி, முறைப்பாட்டாளர் அன்று பிறந்திருந்தாரா என்ற கேள்வியோடு முடிந்தது அது. அதன் காரத்தில் ஒரு துளியும் குறையாமல் நான் சிங்களத்தில் எழுதி, மூலத்துக்கு ஒத்தது என்று சான்றுரைத்தேன்.

மத்தியஸ்த சபையில் இரண்டு கடிதங்களும் இரண்டு மொழிகளிலும் உரத்து வாசிக்கப்பட்டதாகப் பிறகு அறிந்தேன். முறைப்பாட்டாளர் தன் கடைசி வரியைத் தமிழில் கேட்டபோது, அதன் பொருளைப் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தாராம். அன்று எந்த முடிவும் எழுதப்படவில்லை. அடுத்த தவணைக்கு இருவருமே வந்திருந்தார்கள்.