ட்ரைகோசேன் காட்டிய இரண்டு முகடுகள்

ட்ரைகோசேன் 23 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன். பார்வைக்கு வெள்ளை மெழுகுதான். டி.எஸ்.சி. கருவியில் (மாதிரியைச் சீராகச் சூடாக்கி, அது ஏற்கும் வெப்பத்தை வரைகோடாகக் காட்டும் கருவி) அதன் வெப்ப ஏற்புத்திறனை, அதாவது ஒரு டிகிரி சூடேற எடுக்கும் வெப்பத்தை, அளப்பதுதான் என் ஆய்வின் முதல் வேலை. வெறும் பான் (மாதிரி வைக்கும் சிறு அலுமினியக் கிண்ணம்), சஃபயர் வட்டு, மாதிரி என்று மூன்று ஓட்டம். சஃபயரின் மதிப்பு துல்லியமாகத் தெரியும் என்பதால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன், மூன்று மாதம் பிடித்தது.

முதலில் 16 கார்பன் ஹெக்ஸாடெக்கேனை வைத்துச் சரிபார்த்தேன். அமெரிக்காவின் பார்டில்ஸ்வில் ஆய்வகத்தில் ஹஃப்மன் குழுவினர் அடியபாட்டிக் கலோரிமீட்டரில் (வெளியே வெப்பம் கசியாமல் அளக்கும் கருவி) அளந்து 1954-ல் வெளியிட்ட மதிப்பு இன்றும் உரைகல். 25 டிகிரியில் ஒரு கிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு ஏறக்குறைய 2.2 ஜூல் வர வேண்டும். எனக்கு 2.1 வந்தது. திரும்பச் செய்தாலும் அதே 2.1.

கடைசியில் காலிப் பான்களை ஒவ்வொன்றாக எடை போட்டேன். மாதிரி வைத்த பான் மற்ற இரண்டையும்விட 1 மில்லிகிராம் குறைவு! 1 மில்லிகிராம் அலுமினியம் கெல்வினுக்கு 0.9 மில்லிஜூல் எடுக்கும். என் 8 மில்லிகிராம் மாதிரி எடுப்பதே 17.6 மில்லிஜூல்தான். ஐந்து சதவீதம் அங்கேயே போய்விட்டது. அன்றிலிருந்து எடை பார்த்து, மூன்று மூன்றாகப் பிரித்த பான்களை மட்டுமே எடுக்கிறேன்.

அப்புறம் ட்ரைகோசேன். செதிலாகப் போட்டால் பானின் அடியில் சரியாகப் படியாது. ஒருமுறை உருக்கி ஆறவிட்டு, மெல்லிய படலமான பிறகுதான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். உருகுநிலை 47.5 டிகிரிக்கு அருகில். ஆனால் 40 டிகிரியைத் தாண்டும்போதே வரைகோட்டில் ஒரு முகடு எழுந்தது. மாசு என்று பயந்து வேறு புட்டியிலிருந்து எடுத்தேன், அதிலும் அதே இடத்தில் அதே முகடு.

அது மாசு இல்லை. உருகுவதற்கு முன்பே சங்கிலிகள் தங்கள் நீள அச்சைச் சுற்றிச் சுழலத் தொடங்குகின்றன. அடுக்கு குலையவில்லை, திண்மமாகவே இருக்கிறது, ஆனாலும் கணிசமான வெப்பத்தை விழுங்குகிறது. 18 கார்பன் ஆக்டாடெக்கேனைச் சூடாக்கியபோது ஒரே முகடுதான். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்த நாளில் வீட்டுக்குப் போகவே மனமில்லை.

முகட்டுப் பகுதியில் கருவி காட்டுவது உண்மையான வெப்ப ஏற்புத்திறன் அல்ல, நிலைமாற்ற வெப்பமும் அதில் கலந்திருக்கிறது. அதனால் 38 முதல் 50 டிகிரி வரையான வரிகளை அட்டவணையில் காலியாக விட்டு, இரண்டு நிலைமாற்றங்களின் என்தால்பியையும் (ஏற்ற வெப்பம்) என்ட்ரோபியையும் (கூடிய ஒழுங்கின்மையின் அளவு) தனித்தனியாகக் கொடுத்தேன்.