மடித்த பிளேடோடு ஒரு சீ கிங்

பரணில் இரண்டு வருடமாகக் கிடந்த சீ கிங் ஹெலிகாப்டர் பிளாஸ்டிக் மாடல் கிட்டைப் போன மாதம் இறக்கினேன். 1/72 அளவு, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இந்தியக் கடற்படையின் 42பி ரக சீ கிங்காகச் செய்ய வேண்டும் என்றே வாங்கியது. உடலை ஒட்டி, இடைவெளிகளைப் புட்டி வைத்துத் தேய்த்து, சாம்பல் பெயின்ட் வரை வந்துவிட்டேன். மேலே சுற்றும் ஐந்து பிளேடுகள் கொண்ட ரோட்டாரைச் சும்மா சொருகிப் பார்த்தபோது கண்ணாடி அலமாரியின் கதவு மூடவில்லை. நிஜ சீ கிங்கின் ரோட்டார் விட்டம் 18.9 மீட்டர், 72 ஆல் வகுத்தால் 262 மில்லிமீட்டர். என் அலமாரியின் ஆழம் 22 சென்டிமீட்டர்தான். சரி, மடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கிட்டில் மடித்த பிளேடுக்கான பாகம் எதுவும் கிடையாது.

கப்பலில் இருப்பவர்களுக்கும் இதே இடப் பிரச்சினைதானே. 1983இல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் கோதாவரியின் அகலம் 14.5 மீட்டர். சீ கிங்கின் பிளேடுகள் விரிந்திருந்தால் கப்பலின் இரு பக்கமும் இரண்டு மீட்டருக்கு மேல் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கப்பலின் ஹேங்கரில், அதாவது ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகையில், இரண்டு சீ கிங்கை வைக்கும்படி இடம் விட்டிருந்தார்கள் என்று படித்ததிலிருந்து, மடிந்த நிலையில் இருக்கும் சீ கிங்தான் எனக்கு நிஜமான கடற்படை ஹெலிகாப்டராகத் தெரிகிறது. பறக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான், மடிந்து நிற்கும்போதுதான் அது கப்பலுக்காகச் செய்த யந்திரம் என்று தெரியும்.

முதலில் எல்லோரும் செய்கிற தவறைத்தான் செய்யப் பார்த்தேன். பிளேடை நடு மையத்துக்குப் பக்கத்திலேயே அறுத்துப் பின்னால் திருப்பி ஒட்டினால் மடித்தது போல ஆகிவிடும் என்ற நினைப்பு. மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பார்த்தேன், காய்ந்த துடைப்பம் மாதிரி இருந்தது. அப்புறம் புகைப்படங்களைப் பெரிதாக்கி உட்கார்ந்து பார்த்தேன். மடியும்போது நடுவில் இருக்கும் ரோட்டார் ஹெட்டின் ஐந்து கைகளும் அசைவதே இல்லை, விரிந்திருக்கும்போது எப்படி 72 டிகிரி இடைவெளியில் நிற்குமோ அப்படியேதான் நிற்கின்றன. கை முடிகிற இடத்தில் கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீல், அதற்கு வெளியே இருக்கும் பிளேடு மட்டும் பின்னால் திரும்புகிறது. இந்த ஒன்று சரியாக வந்தால் மாடலுக்கு உயிர் வந்துவிடும், தவறினால் எத்தனை பெயின்ட் அடித்தாலும் உடைந்ததை ஒட்டியது போலத்தான் தெரியும்.

அடுத்தது ஹெட் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பது. சீ கிங்கில் மடிப்பது ஹைட்ராலிக் விசையில் நடக்கிறது. மடிக்கும் முன் ஒரு பிளேடு நேராக வாலுக்கு மேல் வந்து நிற்க வேண்டும். அது மடியாது. மற்ற நான்கும் பக்கத்துக்கு இரண்டாகப் பின்னால் வருகின்றன. கணக்குப் போட்டால், வாலுக்கு அடுத்த இரண்டும் ஏறக்குறைய 72 டிகிரியும், மூக்குப் பக்கம் நிற்கும் இரண்டும் ஏறக்குறைய 144 டிகிரியும் திரும்ப வேண்டும். அதனால் ஹெட்டை முதலில் உடலில் நிரந்தரமாக ஒட்டினேன், வால் பக்கக் கை நூல் பிடித்தது போல நேராக நிற்கிறதா என்று மேலிருந்து ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு.

அறுக்கும் வேலை. என் கிட்டில் கையும் பிளேடும் ஒரே பாகமாக வார்த்திருந்தது. மையத்திலிருந்து 12 மில்லிமீட்டரில் பென்சில் கோடு போட்டு, மெல்லிய ரம்பத்தால் மெதுவாக அறுத்தேன். இரண்டாவது பிளேடில் அவசரப்பட்டதில் விளிம்பு பிய்ந்துபோனது, அதைப் புட்டி வைத்து மீட்க ஒரு மாலை போனது. அறுத்த முனைகளில், கையால் திருகும் சின்ன டிரில்லால் துளை போட்டு 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் சொருகினேன். வெறும் பசையை நம்பினால் ஒரு தடவை கை பட்டதும் கழன்று விழும். கம்பி இருந்தால் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துச் சரிசெய்யவும் முடியும். கம்பியின் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் குட்டிக் குட்டியாக வெட்டி, கீலின் காதுகளை ஒட்டினேன். பழைய இயர்போன் வயரைப் பிரித்தால் உள்ளே முடி போன்ற செம்புக் கம்பி வரும், அதில் இரண்டு இழை எடுத்துக் கீலைச் சுற்றி ஹைட்ராலிக் குழாயாக வளைத்துவிட்டேன். கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு இழைதான் முதலில் தெரிகிறது.

ஒட்டும் முன் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. பிளேடுக்கு முன் விளிம்பு, பின் விளிம்பு இருக்கிறது, முன் விளிம்பு தடிமன், பின் விளிம்பு கத்தி மாதிரி. சீ கிங்கின் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுவது. அப்படியானால் மடித்த பிறகு ஐந்து பிளேடுகளின் முன் விளிம்பும் ஒரே திசையில், விமானி உட்காரும் திசையிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் நோக்கி, இருக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும் என்றுதான் மனம் சொல்லும், நானும் இடப்பக்கத்து இரண்டையும் திருப்பி வைத்துப் பசை பாட்டிலைத் திறந்துவிட்டேன். பென்சிலால் ஒவ்வொன்றின் முன் விளிம்பிலும் ஒரு புள்ளி வைத்து, கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இதைச் செய்யாமல் யாரும் ஒட்டாதீர்கள்.

முன் பக்கத்து இரண்டு பிளேடுகள்தான் அதிக நேரம் எடுத்தன. அவற்றை நேராகப் பின்னால் கொண்டுவந்தால் பக்கத்தில் நிற்கும் கையின் மேல் இடிக்கின்றன. படங்களைப் பார்த்து, முன் பிளேடுகளின் கம்பியைக் கீழ்நோக்கிச் சாய்த்தேன், அப்போது அவை பக்கத்துக் கைக்குக் கீழே புகுந்து வெளிப்பக்கமாகத் தாழ்ந்து போகின்றன. உடலோரமாகத் தோளிலிருந்து தொங்கும் துண்டு போல ஒரு வடிவம் வந்தது. நான்கு பேரையும் ஒரே உயரத்தில் வைக்க ஆசைப்பட வேண்டாம், பார்ப்பதற்குப் பொம்மை போல ஆகிவிடும்.

பிளேடின் தொங்கலுக்கு வெந்நீர். அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் பத்து விநாடி முக்கி, ஒரு பெரிய பாட்டிலின் வளைவில் விரலால் அழுத்திப் பிடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். அதிகம் வளைக்கக் கூடாது, நுனி 4 மில்லிமீட்டர் தாழ்ந்தால் போதும் என்று என் கண்ணுக்குப் பட்டது. நீளமான பிளேடு ஆகையால் கொஞ்சம் கூடினாலும் வாழை இலை மாதிரி ஆகிவிடுகிறது.

வாலையும் மடிக்கலாம், சீ கிங்கில் வால் பகுதியும் மடியும். அதற்கு உடலையே அறுக்க வேண்டும், உள்ளே தெரியும் தடுப்பையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஏற்கெனவே பெயின்ட் அடித்த உடலில் ரம்பம் வைக்க மனம் வரவில்லை. பரணில் இன்னொரு சீ கிங் இருக்கிறது, அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஐந்து பிளேடும் நிற்கின்றன, பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் ஒரு கோட் அடித்தாகிவிட்டது. இடப்பக்க முன் பிளேடின் கீலில் மட்டும் பசை வழிந்து காய்ந்திருப்பது பிரைமருக்குப் பிறகு தெரிகிறது, நாளைக்கு 1000 நம்பர் உப்புத்தாளைச் சுருட்டித் தேய்க்க வேண்டும். அகலத்தை அளந்து பார்த்தேன், 7 சென்டிமீட்டர். அலமாரிக் கதவு மூடுகிறது.