நோ என்றால் நோ

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பழைய மாணவர் சங்கத் தலைவர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். அவர் எதிர்பார்ப்பது மாமரத்தடி வகுப்பு, இல்ல விளையாட்டுப் போட்டி, அதிபரின் பிரம்பு. அதையெல்லாம் போன மலரிலேயே ஏழு பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடந்த கதை. ஆனால் அதைத் தொடக்கி வைத்தவர் எங்கள் ஆங்கில ரீச்சர் என்பதால் இங்கே இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

1997, வன்னியில் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய வருடம். கிளிநொச்சியை அதற்கு முந்தின வருடமே விட்டுவிட்டு மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் வந்து கிடந்தோம். காலையில் ஒரு பள்ளிக்கூடம், பின்னேரம் அதே கட்டிடத்தில் இன்னொரு பள்ளிக்கூடம். உங்களில் பாதிப்பேருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நான் உயர்தரம் எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தேன். ரீச்சர் ஒருநாள் வழியில் சைக்கிளை நிறுத்தி, "ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிற வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்க ஆள் தேடுகினம். நீ போ. உன்ர இங்கிலிஷ் பிழைதான், ஆனா நீ வெக்கப்படாமல் பேசுவாய்" என்றார். அதைப் பாராட்டாகவே இன்றுவரை வைத்திருக்கிறேன்.

வெள்ளைக்காரர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அந்தக் குழுவில் மயக்க மருந்து கொடுத்தவர் யப்பானியர். அவரும் ஊருக்கு வெள்ளைக்காரர். அந்த நாட்களில் வன்னியில் வெளிநாட்டுக் கொடியோடு ஓடிய வாகனங்கள் கொஞ்சம்தான். செஞ்சிலுவைச் சங்கம் இருந்தது. 1971 இல் பாரிஸில் சில மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கிய எம்.எஸ்.எஃப், அதாவது எல்லைகளற்ற மருத்துவர்கள், 1986 இலிருந்து இலங்கையில் இருந்தார்கள். 1999 இல் அவர்களுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்த செய்தியை, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோவில் கேட்டோம். சுற்றிய பெடியன் பாதியில் களைத்துப் போனதால் பரிசுத்தொகை எவ்வளவென்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

நான் வேலை செய்த குழு சின்னது. ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்துக்காரர், ஒரு தாதி, அப்புறம் ஜெனரேற்றர், தண்ணீர், வாகனம், ரேடியோ எல்லாவற்றையும் பார்க்கிற ஒருவர். அந்த நாலாமவர் நின்றால் சத்திரசிகிச்சைத் தியேட்டரே நின்றுவிடும். மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை இருந்த ஊரில் ஒரு மின்குமிழ் அணையாமல் எரிவதற்குப் பின்னால் எவ்வளவு கடிதப் போக்குவரத்து இருக்கிறது என்பதை அவரிடம்தான் கண்டேன். மருந்துப் பெட்டிக்கும் கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி வந்தால் லொறி வராது. லொறி வந்தால் பாதை பூட்டியிருக்கும்.

முதல் நாளே வில்லங்கம். நான் கையெழுத்து வைத்துவிட்டு வருவதற்கிடையில் டொக்டர் வார்ட்டுக்குள் போய்விட்டார். ஒரு ஆச்சி, முழங்கால் வீங்கியிருந்தது. அவர் கையை வைத்து "பெயின்?" என்று கேட்டிருக்கிறார். ஆச்சி "நோ!" என்றிருக்கிறார். நோ இல்லையாக்கும் என்று அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறார். ஆச்சி இன்னும் பலமாக "நோ! நோ!" நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆச்சி அவருடைய கையைப் பிடித்துக் கடிக்கிற நிலையில் இருந்தார். எங்கள் ஊரில் நோ என்றால் நோவுதான் என்று விளங்கப்படுத்தினேன். டொக்டர் சிவந்து போனார். அன்றிலிருந்து அவர் "நோ" என்று கேட்டாலே கையை எடுத்துவிடுவார், யாராவது ஆங்கிலத்தில் சொன்னாலும்.

எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது 'பெயின்' ஒன்றுதான். எங்கள் சனம் அப்படியா சொல்லும்? நாரி உளையுது. கால் கடுக்குது. காதுக்குள்ள குடையுது. தலை விண்விண் என்று தெறிக்குது. விலாவில வாயுக் குத்து. உளைவு வேறு, கடுப்பு வேறு, குத்து வேறு. ஒவ்வொன்றும் உடம்பில் வேறு கதை. எல்லாவற்றையும் 'பெயின்' என்று சொல்லிவிட்டு நான் நிற்க, டொக்டர் "எப்படியான பெயின்?" என்று கேட்பார். நான் என் விலாவில் விரலால் குத்திக் காட்டுவேன். மொழிபெயர்ப்பாளன் என்று பெயர், பாதி வேலை கூத்து.

இன்னொரு நாள் ஒரு இளம்பெண். பக்கத்தில் வந்த மாமி, "மூண்டு மாசமா முழுகாமல் இருக்கிறா" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது, அதுவும் பெடியன். காதில் விழுந்ததைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்தேன். தாதி என்னைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் தலைமயிரையும் பார்த்தார். "ஏன் குளிக்கவில்லை, தண்ணீர்ப் பிரச்சினையா?" என்று மிகக் கவலையோடு கேட்டார். அதை நான் தமிழாக்கிச் சொல்ல, மாமி போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று ஒரு கிழவர்தான் வாசலில் நின்றபடி எனக்குச் சொல்லித் தந்தார்.

அந்தத் தாதியிடம் ஒரு கொப்பி இருந்தது. அன்றிலிருந்து இப்படிச் சொற்களைத் தன் எழுத்தில் எழுதத் தொடங்கினார். சத்தி, தடிமன், சலக்கடுப்பு, செங்கமாரி, குலைப்பன் காய்ச்சல். குலைப்பனுக்கு அவரே ஒருமுறை படுத்துவிட்டார். இரண்டு சாக்கும் ஒரு போர்வையும் போட்டும் கட்டில் ஆடியது. (2016 இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது.)

சிரிப்பு இல்லாத ஒன்றும் உண்டு. வெளிநோயாளர் பிரிவில் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், "வயிறு எரியுது தம்பி, பத்தி எரியுது" என்றார். வயிற்றில் எரிவு என்று சொன்னேன். சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று தாதி கேட்டார். நான் கேட்டேன். "சாப்பாடோ?" என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். சரி, குளிசை கொடுத்தாயிற்று, வெள்ளை நிறம், புதினா மணம். அவர் போனபிறகு அடுத்து நின்றவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அவவின்ர மூத்தவன் செத்து, முப்பத்தொண்டு முடிஞ்சு நாலு நாள்."

வரிசை நீண்டு கிடந்தது. நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பின்னேரம் வாகனத்தில் போகும்போதுதான் தாதியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கொப்பியை எடுத்து, அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். வ-யி-று. எ-ரி-யு-து. அடுத்த நாள் மதியம் விசாரித்துக்கொண்டு அந்த அம்மாவின் கொட்டிலுக்குப் போனோம். பனங்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி தந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மொழிபெயர்க்க எனக்கு வேலையும் இருக்கவில்லை. குளிசைப் பக்கற் வாசலுக்கு மேலே கிடுகில் செருகியிருந்தது. இரண்டு குளிசை குறைந்திருந்தது.

அந்தத் தாதி எட்டு மாதத்தில் போய்விட்டார். அதுதான் அவர்களுடைய முறை. சத்திரசிகிச்சை நிபுணர்கள் சில கிழமைகளுக்கோ சில மாதங்களுக்கோ வருவார்கள். ஒருவர் தன்னுடைய ஆண்டு லீவை முழுவதும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். உடம்பும் மனமும் அதற்குமேல் தாங்காது என்பது அவர்களுடைய கணக்கு. அது நியாயமான கணக்குத்தான். ஒவ்வொரு முறையும் பயற்றம் பணியாரம், ஒரு படம், முகவரி பரிமாற்றம். பிறகு புதியவர் வருவார், வார்ட்டுக்குள் போவார், ஆச்சி ஒருவர் "நோ" என்பார். மூன்று வருடத்தில் பதினொரு பேருக்கு நான் அந்த ஒரு சொல்லை விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

எங்களுக்கு லீவு என்று போக ஊர் இல்லை. வவுனியாவுக்குப் போகவே இரண்டு பக்கமும் பாஸ் வேண்டும். வாகனம் ஓட்டிய அண்ணன் அந்த மூன்று வருடத்தில் நாலு இடத்துக்குத் தன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனார். இரவு இரண்டு மணிக்குச் சிசேரியனுக்கு ஆளைக் கூட்டி வந்து இறக்கிவிட்டு, விடிய எழும்பிக் கிடுகு தேடப் போவார். தியேட்டரில் இரத்தம் கழுவிய அக்காவின் பெயர் எந்த ஆண்டறிக்கையிலும் வந்திருக்காது. தொண்டர் என்ற சொல்லை நான் அவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பேன், அவர்கள் சம்பளம் வாங்கினவர்கள் என்றாலும்.

2008 செப்டெம்பரில் தொண்டு அமைப்புகளை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோது நான் இலண்டனில் இருந்தேன். கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் சனம் போகாதேயுங்கோ என்று நின்ற படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், தெரிந்த முகம் இருக்கிறதா என்று. வெளிநாட்டவர் போனார்கள். உள்ளூர்ப் பணியாளர் பலர் குடும்பத்தோடு உள்ளேதான். செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் நின்றது. 2009 பெப்ரவரியிலிருந்து புதுமாத்தளன் கரையில் காயக்காரரைக் கப்பலில் ஏற்றியது அவர்கள்தான். அந்த மாதங்களில் அவர்களுடைய உள்ளூர் ஆட்கள் மூவர் கொல்லப்பட்டார்கள். வாகன அண்ணன் 2009க்குப் பிறகு ஒரு தரம் தொலைபேசியில் கதைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நாரி உளையுது என்றார்.

போன மாதம் அம்மாவை இங்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயது எழுபத்தெட்டு. இடுப்புப் பிரச்சினை. இளம் டொக்டர், வெகு மரியாதை. சைபரிலிருந்து பத்துவரை என்றால் நோ எவ்வளவு என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"பத்தோ? என்ன பத்து? நாரிக்குள்ளால பிடிச்சு இழுத்துக் கால்வரைக்கும் கடுக்குதெண்டு சொல்லு."

நான் டொக்டரிடம், "ஏழு" என்றேன்.

அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். வீடு வரும்வரைக்கும் காருக்குள் ஒரே பேச்சு: "நான் இவ்வளவு சொன்னன், நீ ஏழெண்டு சொல்லிப்போட்டு வாறாய்."